பதினான்காம் குழாய்

விடிகாலை நான்கரைக்கு
செர்ரோ கசாப்புக்கூடத்தின் பின்வாசலில்
வாஷிங்டன் பென்டான்கோர் நிற்பான்.
வாளியில் ஆறு மாட்டு மூளைகள்.
சூடு இன்னும் ஆறியிருக்காது.
மேலே போட்ட ஐஸ் கீறல்விடும் சத்தம்
மொன்டேவிடேயோவின் முதல் பேருந்தில்
என் மடியிலிருந்து வழிநெடுகக் கேட்கும்.

ஒருநாள் கேட்டான்:
"இதில் அப்படி என்னதான் தேடுகிறாய், நெலிடா?"
"கொழுப்பை வெட்டும் ஒன்றை."
கத்தியைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்:
"அதற்குத்தானே எனக்குச் சம்பளம்!"

அரைத்தோம். சுழற்றினோம்.
தெளிவைக் கொட்டிவிட்டு
வண்டலை வைத்துக்கொண்டோம்.

சவ்வோடு ஒட்டிப் பிறந்த நொதி,
தண்ணீரில் பிழைக்கத் தெரியாது.
சோப்பு நுரையைக் காட்டி
இதுவும் வீடுதான் என்று
ஏமாற்றித்தான் வெளியே அழைக்க வேண்டும்.
நுரை கூடினால் செத்துப்போகும்.
குறைந்தால் திரண்டு
அடியில் படுத்துக்கொள்ளும்.

வெளியே ஜூலை.
குளிர் அறைக்குள் நான்கு டிகிரி.
கதவு எதற்கு என்பாள் சுல்மா,
இரண்டு ஜோடிக் காலுறையோடு
கண்ணாடித் தூணின் சொட்டுகளை எண்ணியபடி.

முதல் தூண்: நூறில் அறுபது தேறியது.
இரண்டாம் தூண்: இருபத்திரண்டு.
மூன்றாம் தூண் முடிந்த இரவு
ஜெல்லில் ஒரே ஒரு நீலக்கோடு.
முந்நூறு மாடுகளுக்கு
மயிரிழை அகலத்தில் ஒரு கோடு.
சுல்மா கையுறையோடு என்னைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் அளந்தோம்.
கதிர் எண்ணி
காலிக் குழாய்க்குச் சொன்ன எண்ணையே
இதற்கும் சொன்னது.
சுத்தமாக இருந்தது.
சும்மா இருந்தது.

மக்னீசியம் விட்டோம். இன்னும் விட்டோம்.
அமிலம் ஒரு துளி, காரம் ஒரு துளி.
உடம்புச் சூட்டில் வைத்தோம்.
மூன்று வாரம்.

குளிர்பெட்டி கழுவும் வெள்ளிக்கிழமை
சுல்மா கையில் பதினான்காம் குழாய்.
"குப்பை" என்று என் கையெழுத்து.
புரதம் இல்லை, பால் கலங்கலாய்க் கொழுப்பு.
தொட்டிக்கு மேல் சாய்த்துவிட்டாள்.
"இரு, ஒரு சொட்டு" என்றேன்.
ஏனென்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது.
ஊற்றிப் பார்க்க வேறெதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

நானூறு.
ஆயிரத்து இருநூறு.
மூவாயிரத்து எழுநூறு.
"மெஷின் போச்சு" என்றாள் சுல்மா.
பக்கத்துத் துறையின் மெஷினுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.
மூவாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு.

ஒரு கொழுப்பை வெட்ட
அதற்கு வேறொரு கொழுப்பு வேண்டியிருந்தது,
வெட்டுப்படாமல்
பக்கத்தில் நிற்பதற்கு.
அதைத்தான் நாங்கள்
தூண் தூணாகக் கழுவித் தள்ளியிருந்தோம்.

கட்டுரையில் இதற்கு ஒன்றரை வரி.
நன்றிப் பகுதியில்
வா. பென்டான்கோர் என்று சேர்த்தேன்.
எந்தத் துறை, எந்த நிறுவனம் என்று
பத்திரிகையிலிருந்து கடிதம் வந்தது.
"செர்ரோ கசாப்புக்கூடம், பின்வாசல்"
என்று எழுதி அனுப்பினேன்.

அச்சில் வந்தபோது
எல்லாம் இருந்தது.
பின்வாசலை மட்டும் வெட்டியிருந்தார்கள்.