எட்டும் எட்டும்

குட்டாயிசியில் மழை பிடித்தால் மூன்று நாள் விடாது.
வெள்ளைப் பாலத்தடியில் ரியோனி ஆறு
சேறு கரைத்துக் குடித்தபடி உறுமுகிறது.
நான் கல்யாணப் படம் வெட்டி ஒட்டுகிறவள்.
இருநூற்றுப் பத்து விருந்தாளிகள்,
ஆறு மணி நேரக் காட்சி,
என் கம்ப்யூட்டரில் எட்டு ஜிபி ரேம்.
விருந்தை நடத்தும் தமாதா எழுந்து
கோப்பையை உயர்த்துவார்.
உயர்த்தியபடியே நின்றுவிடுவார்.
நான் போய்த் தேநீர் போட்டு வருவேன்.
அவர் கை இன்னும் அந்தரத்தில் இருக்கும்.

சந்தையில் நுக்ஸார்
ஆரஞ்சுப்பழப் பெட்டியில் ரேம் துண்டுகளைக் குவித்திருந்தான்,
பெட்டிமேல் ஒரு நீலத் தார்ப்பாய்.
"இதுவும் எட்டுதான். வேகம் முப்பத்திரண்டு நூறு.
உன்னிடம் இருப்பதைவிடத் துடியானது."
முப்பத்தைந்து லரி என்றான்,
இருபத்தைந்துக்கு இறங்கினான்.
அது சிவப்பு உலோகச் சட்டை போட்டிருந்தது.
என்னுடையது பச்சை, வெறும் மேனி.

மூடியைக் கழற்றித் தூசி ஊதி
இரண்டாம் குழியில் ஒன்று, நான்காம் குழியில் ஒன்று.
காது இரண்டும் சொடக்கென்று பூட்டிக்கொண்டன.
மின்விசிறி சுற்றியது.
திரை கறுப்பு.
இன்னும் கறுப்பு.
வாங்கின காசுக்கு ஏப்பம் விட நான் தயாரானபோது
பதினாறு ஜிபி என்று எழுத்து வந்தது.
வேகம்: இருபத்தாறு அறுபத்தாறு.
சிவப்பு பச்சையின் நடைக்கு இறங்கியிருந்தது.
சரி, பரவாயில்லை.

இரண்டு நாள் நன்றாய்த்தான் ஓடியது.
மூன்றாம் இரவு தமாதா கோப்பையைத் தூக்க,
நீலத் திரை.

சோதனை நிரலை விட்டுவிட்டுப் படுத்தேன்.
விடிகாலை மூன்றே முக்காலுக்கு
ஒரு சிவப்பு வரி, அடுத்து ஒன்று,
பிறகு எறும்புச் சாரியாய் நாற்பத்தொன்று.
நுக்ஸாரைத் திட்டிக்கொண்டே சிவப்பைப் பிடுங்கினேன்.
பச்சை மட்டும்: பிழை இல்லை.
நியாயத்துக்காகச் சிவப்பை மட்டும்: பிழை இல்லை.
மறுபடி இரண்டும் சேர்ந்தால்
அதே நாற்பத்தொன்று.

உவமை வேண்டாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
பதினோரு வருஷமாய்க் கல்யாணம் வெட்டுகிறவளுக்கு
உவமைக்குப் பஞ்சமில்லை.
இது வெறும் மின்சாரம்.
ஒன்று பதினாறு எண்ணி வாய் திறக்கும்,
மற்றது பத்தொன்பது.
இருவரும் பத்தொன்பது எண்ணுங்கள் என்கிறது மதர்போர்டு,
முதல் எண்ணில் ஒத்துப்போகிறார்கள்.
அதற்குக் கீழே
யாரும் பேசாத முப்பது நாற்பது எண்கள் கிடக்கின்றன.
தாளம் தப்புவது அங்கே.

ஒவ்வொன்றாய்த் தளர்த்தினேன்.
மின்னழுத்தத்தை ஒரு துளி கூட்டினேன்,
வேகத்தை இருபத்துநாலு நூறாக்கினேன்.
கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிவிட்டது,
நுக்ஸார் பார்த்தால் அழுவான்.
ஆறு மணி நேரம், நான்கு சுற்று.
பூஜ்யம்.
பூஜ்யத்தைப் பார்த்து நான் இப்படிச் சிரித்ததே இல்லை.

மறுநாள் மணப்பெண்ணின் அம்மா லம்சீரா கூப்பிட்டாள்.
"படத்துக்கு இப்போது அவசரமில்லை."
கொஞ்சம் நிறுத்தினாள்.
"பணம் அனுப்பிவிடுகிறேன்."
ஏன் என்று நான் கேட்கவில்லை.
மழை கேட்கிறதா என்றாள்,
கேட்கிறது என்றேன்.

பணம் வரும் என்றால் வேலை முடியவேண்டும்.
அந்த இடத்துக்கே ஓட்டிப்போய் அழுத்தினேன்.
தமாதா எழுந்தார், கோப்பை உயர்ந்தது,
உயர்ந்த கை
இறங்கி வாய்க்குப் போனது.
ஒரே மூச்சில் குடித்துவிட்டு உட்கார்ந்தார்.
அவர் மறைத்துக்கொண்டிருந்த இடத்தில்
ஒரு சிறு பையன், ஒரு காலில் மட்டும் ஷூ,
மேசைவிரிப்பைத் தூக்கிக்கொண்டு
அடியில் புகுந்துகொண்டிருந்தான்.
இத்தனை நாள் அவன் அங்கேதான் இருந்திருக்கிறான்.