இரண்டு மீட்டர்

குளிர்பதனப் பெட்டிக் கதவிலிருந்து
தாரகையின் தேர்வு அட்டவணை இறங்கிவிட்டது.
அந்த இடத்தில் இப்போது கடலின் அட்டவணை.
சனிக்கிழமை ஏற்றம் எத்தனை மணிக்கு,
வற்றம் எத்தனை மணிக்கு,
நடுவே தண்ணீர் யோசித்து நிற்கும்
அந்த அரைமணி நேரத்தைச்
சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறார் பரிதி.
மின்தூக்கி பழுதுபார்ப்பவர்.
ஏறுவதும் இறங்குவதும்
சொன்ன நேரத்துக்கு நடக்கும் என்று நம்புகிறவர்.

புலாவ் ஹந்து.
பேய்த்தீவில் இரண்டு நாள் கூடாரம்.
எதிர்க்கரை எண்ணெய் ஆலையில்
ராத்திரியெல்லாம் நெருப்பு எரியுமாம்.
டார்ச் லைட் பேட்டரி மிச்சம் என்கிறான் செழியன்.

ஈசூன், ஒன்பதாம் மாடி,
குளியலறை வாளியில் எங்கள் முதல் முக்குளிப்பு.
ஆள் இல்லை, கேமராவும் இல்லை.
கேமராவின் வெறுங்கூடு மட்டும்,
வயிற்றில் ஒரு டிஷ்யூ காகிதத்தோடு,
மேலே பரிதியின் டம்பெல் அழுத்த,
விடியும்வரை மூச்சடக்கிக் கிடந்தது.

காலையில் நால்வரும் சுற்றி நின்று திறந்தோம்.
காகிதத்தில் ஒரு மூலை ஈரம்.
வளைத்து வளைத்து வெளிச்சம் அடித்து
ரப்பர் வளையத்தில் ஒட்டியிருந்த
ஒற்றை முடியை அவர் எடுத்துப் பிடித்தார்.
அதன் நீளத்தைப் பார்த்தார்கள்,
பிறகு என்னைப் பார்த்தார்கள்.

பட்டியலில் ஏறியது:
பதினேழு, வளையத்தைத் தொடுமுன் அம்மா தலையைக் கட்டவும்.
பதினெட்டு, கடற்குதிரைக்கு ஃபிளாஷ் கூடாது.
பத்தொன்பது, எதன்மேலும் ஏறி நிற்காதே,
பாறை என்று நினைப்பது உயிரோடிருக்கும்.

பட்டியலில் ஏறாதது ஒன்று.
எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் ஆறரை.
மூக்குக்கண்ணாடி போட்டால் முகக்கவசம் ஒட்டாது.
பவர் வைத்த கவசம்
நூற்றெண்பது வெள்ளி, மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.
‘ரெண்டு நாளுக்கா இவ்வளவு’ என்று
யாரும் சொல்லுமுன் நானே சொல்லிவிட்டேன்.
கரையில் ஒருவர் வேண்டுமே,
பைகளுக்கும் நாசி லெமாக் பொட்டலங்களுக்கும்.

‘எல்லாத்தையும் எடுத்துட்டு வந்து காட்டுறேன்மா.’
தாரகை தனியாக ஒரு பட்டியல் எழுதினாள்,
அம்மாவுக்கு என்று தலைப்பிட்டு.
கடற்சாமந்தி, உள்ளே கோமாளி மீன் இருந்தால்.
ஓடில்லாத நத்தை, நீலம் கிடைத்தால் நீலம்.
அப்பா,
மூச்சுக்குழலில் தண்ணீர் புகும்போது.

புதன் இரவு பரிதி ரோஸ்லானைக் கூப்பிட்டார்.
வேலையிடத்து நண்பர், மாதம் இருமுறை அங்கே முங்குகிறவர்.
ஸ்பீக்கரில் எல்லாரும் கேட்டோம்.
தண்ணீர் நல்லா இருக்கு என்றார்,
இரண்டு மீட்டர் தெரியும்,
மழை பெய்தால் ஒன்றரை.

செழியன் அளவுநாடாவை இழுத்தான்.
சோபாவில் தொடங்கிய கடல்
தொலைக்காட்சிக்குக்கூட எட்டவில்லை.
‘அதுக்கு அந்தப் பக்கம்?’
‘பச்சை’ என்றார் ரோஸ்லான்.

ஒருவரும் பேசவில்லை.
எனக்குத்தான் சிரிப்பு அடங்கவில்லை.
அட, இது என் வீடல்லவா,
தினமும் தலைமாட்டில் கண்ணாடி தட்டுப்படும்வரை
நான் நடமாடுகிற வீடு.
கதவு ஒரு பழுப்பு. ஜன்னல் ஒரு வெள்ளை.
குரல் வந்த பிறகே முகம் வரும்.
இரண்டு மீட்டர் எனக்குத் தொலைநோக்கி.
மீனுக்கு நெருங்கிப் போவது
உங்களுக்குத்தான் புதுசு,
நான் வெண்டைக்காய்க்கே மூக்கை உரசி வாங்குகிறவள்.

எழுந்து போய்
சிவப்பு மை தீர்ந்திருந்ததால் பென்சிலில் எழுதினேன்:
இருபத்துமூன்று,
முகக்கவசம் இன்னும் ஒன்று. பவர் தேவையில்லை.
நாசி லெமாக்கைப் பேய் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்று காலை வாளியிலிருந்து எடுத்த டிஷ்யூ
நான்கு மூலையும் காய்ந்திருக்கிறது.
பரிதி அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
வெளியே, எதிர் புளோக் பாதி அழிந்து,
தூறத் தொடங்குகிறது.
‘ஒன்றரை’ என்கிறான் செழியன்
ஜன்னலில் மூக்கை வைத்தபடி.