உடுக்குறி

லேய்னாவின் அட்டை வந்தால்
முதலில் உடுவைத்தான் தேடுவேன்.
சொல்லுக்கு முன் அது நின்றால்
எவரும் எழுதிவைக்காத சொல், ஊகித்தோம் என்று பொருள்.
விட்டுப்போனால் பொய்.
பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும்
பிழைதிருத்துபவன் நான்.

இன்றைய அட்டை: *காமூ. கல்.
அதற்கும் பின்னால், இருட்டில், *அக்மோன்.
தெற்கே போனவர்கள் அதைப் பட்டறைக்கல் ஆக்கினார்கள்.
கிழக்கே போனவர்கள் அண்ணாந்து பார்த்து
வானத்துக்கு வைத்தார்கள்.
இந்தப் பக்கம் வந்தவர்கள் வாயில்
'அக்' புரண்டு 'கா' ஆயிற்று.
ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாள்:
"ககரம் சகரமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை.
ஏன் என்று தெரியவில்லை."
அந்த வரியில் நான் கை வைக்கவில்லை.

எழுவாயில் னகரம் ஒளிந்திருக்கும்.
யாருடையது என்று கேட்டால் வெளியே வரும்: *காமெனெ.
தூக்கினாலும் எறிந்தாலும் *காமெனி;
அந்தக் கடைசி இகரம்
அரை மாத்திரைகூட நிற்காது,
உதட்டுக்கு வருமுன் உதிர்ந்துவிடும்.
ஏழாம் வரியில் விளி: கல்லே!
கல்லைப் போய் யார் கூப்பிட்டார்கள் என்று கேட்டேன்.
"இடறி விழுந்தவன்" என்றாள்.

இரண்டு கல்லுக்குத் தனி விகுதி.
மூன்றிலிருந்துதான் பன்மை.
மற்றவர்கள் உதறிவிட்டதைச் சோர்பியர்
இன்னும் வைத்திருக்கிறார்கள்.

போன மார்ச்சில்
நிலக்கரிக் கம்பெனி அவள் ஊர்க் கல்லறையைப் பெயர்த்தது.
அப்பா கல், அம்மா கல்,
ஒரே லாரியில், நடுவே பழைய டயர் வைத்து.
கோட்புஸுக்கு வெளியே புது இடத்தில் இறக்கிவிட்டு
ஓட்டுநர் ரசீதை நீட்டினான்:
கற்கள், 2.
அவன் ஜெர்மனில் இருமை கிடையாது.
லேய்னா பேனாவை வாங்கி,
அந்தச் சொல்லை அடித்து,
மேலே தன் மொழியில் இருமையில் எழுதிக்
கையெழுத்துப் போட்டாள்.
மழை தூறிக்கொண்டிருந்தது. அவனுக்கு அவசரம்.

அட்டையின் அடியில் கடைசிக் குறிப்பு:
*காமூவை மெல்ல மறந்தார்கள்.
எறியப்பட்டதும் சுமக்கப்பட்டதும் பெயர்க்கப்பட்டதுமான
*காமெனி
அதன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது.
செயப்படுபொருளாக இருந்ததுதான்
இன்று வாக்கியத்தைத் தொடங்குகிறது.

கீழே இன்றைய வடிவம். காமெய்ன்.
கைப்பழக்கத்தில் அதன் முன்னும்
ஓர் உடுவை வைத்து அனுப்பிவிட்டேன்.
சிவப்பு மையில் அடித்துத் திரும்பி வந்தது:
"இதற்கு வேண்டாம்.
இதைச் சொல்ல வாய் இருக்கிறது.
நேற்று ஃபோனில்கூடச் சொன்னேனே."