ஆவணி முகூர்த்தம்

ஐந்து ரோடு மாடியில்
ஜெனிட்டா விரித்த வரைபடத்தில்
பார்படோஸ் ஒரு கடுகு,
செயின்ட் லூசியா ஒரு மிளகு.
மாதேஸ்வரனுக்கு எல்லாமே மைதானம்:
'ஆன்டிகுவா வேண்டாம், பந்து எகிறும்.'
எனக்கு நீச்சல் தெரியாது.
எந்தத் தீவில்
கடல் இடுப்போடு நிற்கும் என்பதே
என் ஒரே கேள்வி.

நாற்பத்தொரு வயதில் பாஸ்போர்ட் எடுத்தவள்.
உருக்காலையில் சேர்த்துவைத்த லீவு
பதினொரு நாள்.
போக இரண்டு, வர இரண்டு,
அது சேதாரம் என்று கழித்தார்
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு விற்கிறவர்.
மிச்சம் ஏழில்
ஒரு நாள் முழுக்கத் தூங்கணும் என்றார்,
வெட்கப்படாமல்.

தேதி கேட்டாள் ஜெனிட்டா.
ஆவணி, வளர்பிறை.
பேனாவை மூடிவைத்தாள்.
'அங்கே அது புயல் மாசங்க மேடம்.
ஜோசியர் அதைப் பார்க்கலையா?'

தையில் போகலாம். விலை ஏறியிருக்கும்.
அதற்குள் இவர் குறட்டை எனக்குப் பழகியிருக்கும்,
என் கோபம் இவருக்கு.
பழகாமலும் போகலாம்.
அப்புறம் அதைத் தேனிலவு என்று
எந்த வாயால் சொல்வது?

கீழே இறங்கி
தட்டுவடை செட் வாங்கினோம்.
வரைபடம்தான் மடியில் தட்டு.
காரச் சட்னி ஒரு சொட்டு
கடுகுக்கும் மிளகுக்கும் நடுவே விழுந்தது.

துடைக்கப் போன என் கையை
முதல்முறையாகப் பிடித்தார்.
'இருக்கட்டும்.
இதுக்கு இன்னும் யாரும் பேர் வைக்கலை.'

ஏற்காடு பஸ் ஒன்று,
உருக்காலை பஸ் ஒன்று.
இரண்டையும் விட்டோம்.
சட்னி காய்ந்துகொண்டிருந்தது,
கரையில் தொடங்கி.