முகிற்புள்ளி

முதல் தடவை சவர்க்காரம்தான் வந்தது.
ஒரு மாதம் அதில்தான் கை கழுவினோம்.
"பம்பு ஓடாட்டியும் பரவாயில்ல,
சுத்தமாத்தான் சாவோம்" என்றான்
மச்சினன் அருள்நேசன்.

இந்த முறை கணக்கோடு.
பசறைப் பக்கத்து வேலிகளில் காட்டாமணக்கு,
மாடும் வாய் வைக்காத கொட்டை.
உரம் வராத வருசத்து வெறும் உரப்பைகள் இரண்டில்
திணித்துக் கந்தப்பளைக்கு ஏற்றினோம்.
நல்லெண்ணெய்ச் செக்கில் நஞ்சு ஆட்டமாட்டேன்
என்றார் செக்குக்காரர். நியாயம்.
லொறி ஜாக்கியும் இரும்புக் குழாயும் வைத்து
நாங்களே பிழிந்தோம்.

எவ்வளவு புளித்த எண்ணெய் என்று தெரிய வேண்டும்.
மருந்துக்குக் காசில்லை;
மஞ்சளை ஸ்பிரிட்டில் கரைத்தேன்.
சிரிஞ்சிலிருந்து சோடாத் தண்ணீர் சொட்டுச் சொட்டாய்:
ஒன்று, ஒன்றரை, இரண்டு,
இரண்டே முக்கால் தாண்டியதும்
சட்டென்று ஆலாத்தி நிறம்.
யாருக்கும் சுற்றாமல்
வாய்க்காலில் ஊற்றினேன்.

தராசு, நுவரெலியா அடகுக்கடையில்.
போன ஆவணியில் அதே தட்டில்
என் தோடு நாலு கிராம்.
காஸ்டிக் சோடா ஆறே கால்.
"இத மீட்க எப்ப வருவீங்க?" என்றார் முதலாளி,
சிரிக்காமல்.

மெதனோல் பற்றினால் பகலில் தீ தெரியாது.
அடுப்பை அணைத்தோம்,
அணைந்ததா என்று மறுபடி போய்ப் பார்த்தோம்,
முற்றத்தில் வைத்துக் கலக்கினோம்.
விடிய, அடியில் கருப்பட்டிப் பாகாய்க் கிளிசரின்,
மேலே வெளிறிய பொன்.
முதல் அலசலில் தண்ணீர் பாலாய்ப் போனது.
ஐந்தாவதில் தண்ணீர் தண்ணீராகவே போனது.

தெளிவைச் சோதிக்க
போத்தலுக்குப் பின்னால் கியூ.ஆர். அட்டையைப் பிடித்தேன்.
எண்ணெய் வழியே போன் அதை வாசித்துவிட்டது:
இந்த வாரக் கோட்டா முடிந்தது.

அருள்நேசனுக்கு அப்போதே ஊற்ற வேண்டும்.
பொறு என்றேன். தை மாதக் குளிர் இருக்கிறதே.
இதற்கென்று பெரிய இடங்களில் ஐஸ் பெட்டி வைத்திருப்பார்களாம்,
எங்களுக்குத் தகரக்கூரை போதும்.
மூன்று போத்தல் ஏற்றினேன்:
தனி எண்ணெய், பாதிக்குப் பாதி, ஐந்தில் ஒன்று.

விடியல். தேயிலைத் தொழிற்சாலைப் பழைய வெப்பமானி
ஆறு பாகை காட்டியது.
மூன்றாவது போத்தல் கண்ணாடி.
இரண்டாவதன் அடியில் ஒரு மூச்சு.
முதலாவதில் முழுப் பனிமூட்டம்,
வெளியே கிடந்தது போதாதென்று
உள்ளேயும் புகுந்த மாதிரி.

கீழே லீக்ஸ் பாத்தியில் ஒரே கெட்ட வார்த்தை.
நான் தூங்கியதும்
பம்பு நிறையத் தனி எண்ணெயை ஊற்றியிருக்கிறான்.
கைப்பிடியைச் சுற்றினான். சுற்றினான்.
உதைத்தான். பிறகு
தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி
எண்ணெய்த் தாங்கிக்குப் போர்த்தி
பக்கத்திலேயே குந்தினான், பனியனோடு.

ஒன்பதரைக்கு வெயில்.
போத்தலில் முகில் கலைந்தது,
பம்பு இரண்டு தரம் இருமி
ஏதோ பொரித்த வாசனையோடு ஓடியது,
நாற்பத்தொரு நிமிடம்.

கொப்பியில் எழுதினேன்:
ஆறு பாகையில் முகில்.
ஒன்பதரைக்கு முன்
லீக்ஸுக்குத் தாகம் எடுக்கக் கூடாது.