நாற்பத்தொரு புள்ளிகள்

மண்ணடி மூர் தெருவில் எங்கள் கடைக்கு
போர்டு கிடையாது. போர்டு அடிக்கிற கடைதான் அது.
மாடியில் பிளெக்ஸ் மெஷின், கீழே நானும் ஒரு ஸ்கேனரும்.
மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி,
வருகிற முகத்தையெல்லாம் வெளுத்து மேலே அனுப்புவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சுலைகா வந்தாள்,
க்ளியரிங் ஆபீசில் பில் போடுகிறவள்.
ஹெல்மெட்டுக்குள் துண்டு, துண்டுக்குள் பிளாஸ்டிக் கவர்,
கவருக்குள் அந்தப் புத்தகம்.
"எர்ணாவூர் வீட்ல தண்ணி பரண் வரைக்கும் ஏறிடுச்சு.
மிச்சத்த ஸ்கேன் பண்ணிக் குடுங்க. பக்கத்துக்கு எவ்ளோ?"
சொன்னேன். பேரம் பேசினாள். குறைத்தேன்.

திறந்ததும் டீசல் வாடை. அதற்கடியில் எங்கோ கிராம்பு.
ஓரமெங்கும் கொடி, கொடியில் கத்திரிப்பூ நிறப் பூக்கள்,
பூவுக்குப் பூ நடுவில் குண்டூசித் தலையளவு தங்கம்.
தங்கக் கரைக்குள் நீலக் கரை.
எல்லாவற்றுக்கும் வெளியே, அடியில்,
வெள்ளம் இழுத்த மூன்றாவது கரை:
எண்ணூர்த் தண்ணீரில் மிதந்த எண்ணெயின் கறுப்பு.
அதுவும் நேராகத்தான் இருந்தது.

எனக்கு அரபி தெரியாது.
காசிமேட்டுக்காரன் கண்ணுக்கு
ஒரு எழுத்து கரையேற்றிய படகு,
ஒன்று தூண்டில், ஒன்று பாய் கழற்றிய மரம்.
வரி முழுக்க ஒரே காற்றில் சாய்ந்திருந்தது.

பெரிதாக்கினேன், எண்ணூறு சதவீதம்.
பூச்சி தின்ற ஓட்டை, பூஞ்சை, கறை.
தூசி நீக்கும் கருவியை எடுத்து
ஒவ்வொரு கறுப்பாகத் தொட்டேன்.
தொட்ட இடம் காகித நிறமானது.
நல்லா வருதே என்று விசிலடித்தேன்.

சாயங்காலம் வந்து திரைக்கு முன் குனிந்தாள்.
ஓதிப் பழகிய வாய். எழுத்துக் கூட்டினாள்.
நின்றாள். மறுபடி கூட்டினாள்.
"இது அரபி இல்ல."
"அப்புறம்?"
"எழுத்து அரபி. ஆனா வார்த்தை நம்மளுது.
'இந்த ராவு'ன்னு இருக்கு, பாருங்க.
'இந்த ராவு... ம... ம...'
இங்க ஒண்ணும் சேர மாட்டேங்குதே."

மடியில் இருந்த புத்தகத்தைப் புரட்டினாள்.
காகிதத்தில் ஒரு புள்ளி இருந்தது, எழுத்தின் வயிற்றுக்குக் கீழே.
திரையில் இல்லை.
அரபி நாக்குக்கு வேண்டாத ஓசை ஒன்றுக்கு
அந்த ஊர்ப்பேர் தெரியாத மனுஷன் கூடுதலாக வைத்தது.
மழை.
நான் அழித்தது மழையை.

லாரி ஹாரன் ஒன்று தெரு முழுக்க நீண்டு அடங்கியது.
இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை.
பிறகு அவள்தான் படித்தாள், காகிதத்திலிருந்து, விரல் வைத்து:
"இந்த ராவு மழை. விளக்கில் எண்ணெய் இல்லை.
கடைசி வரியைத் தடவித் தடவி எழுதினேன்.
பிழை கண்டால் இருட்டின் கணக்கில் வையுங்கள்."

அவள் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன்.
பக்கத்தில் புத்தகம், எதிரில் திரை.
அப்போதுதான் தெரிந்தது: தூசி உருண்டை.
புள்ளி சாய்ந்த சதுரம், நாணல் முனையின் ஒரே அழுத்தம்.
அளவுகோலை வைத்தேன். எல்லாம் ஒரே அகலம்.
நெட்டுக்குத்தாய் நிற்கும் எழுத்து
அந்தச் சதுரத்தை அடுக்கினால் சரியாக ஏழு உயரம்.
ஒன்றில் மட்டும் ஏழரை. கடைசி வரி.

நாற்பத்தொரு இடம். ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தேன்.
ஏழரையைத் திருத்தவில்லை.
கறுப்புக் கரையையும் வெட்டவில்லை.
அதை வெட்டு என்றுதான் முதலில் சொல்லியிருந்தாள்.
நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம்.

மணி பத்தரை. மேலே மெஷின் காத்திருந்தது.
விடிவதற்குள் ஒரு கண்ணீர் அஞ்சலி,
பழைய வண்ணாரப்பேட்டை, மீன் ஏலம் எடுக்கிற அம்மா,
ஆறுக்கு எட்டு.
போட்டோவைத் திறந்தேன். கை பழக்கத்தில் கருவியை எடுத்தது.
இடது கன்னத்தில், மூக்குத்திக்குக் கொஞ்சம் கீழே,
ஒரு மச்சம்.

பெரிதாக்கிப் பார்த்தேன்.
விட்டுவிட்டேன்.