சிவப்பு விளக்கு

இரண்டு பெட்டிகளையும் ஆம்னி வேனில் ஏற்றிக்கொண்டு
சென்னையிலிருந்து வந்திருந்தார் விற்பனைக்காரர்.
தோட்டப்பாளையத்தில் எங்கள் சந்துக்குள் வண்டி திரும்பவில்லை.
முனையிலிருந்து அவரும் குணவதியும்
ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்கள்.
சித்திரை மாதம், பகல் ஒன்றரை மணி.
வேலூர் வெயிலைப் பற்றி அவர் சொன்னதை
இங்கே எழுத முடியாது.

ஒன்றுக்குப் பதினொரு வாய், நீல விளக்கு.
மற்றதற்கு ஏழுதான்,
பழைய பீரோவின் நிறம்,
விலையோ மூவாயிரம் கூட.
"ஏழு பெருசா, பதினொன்னு பெருசா மேடம்?"
ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்பதுபோல் கேட்டார்.

குணவதி கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கணக்கு எழுதினாள்.
ஆம்பூர் கன்வென்ஷன், நானூறு.
பேரணாம்பட்டு பயான், இருநூறு.
குடியாத்தம் சிரசுத் திருவிழா, கேட்பவருக்கெல்லாம்.
கல்யாணம் ஒன்றுக்கு ஐந்து,
பெண்வீட்டார் முறைத்துக்கொண்டால் ஏழு.
வெற்றுத் தட்டு எட்டு ரூபாய்,
குழுக் கடன் வட்டி நூற்றுக்கு ஒன்றரை.
'கரன்ட் இல்லாத நேரம்' என்று ஒரு வரி எழுதி
எதிரே ஒன்றும் போடாமல் விட்டாள்.

இரண்டு மணிக்குச் சொல்லிவைத்தாற்போல் கரன்ட் போனது.
நல்லதாயிற்று, இன்வர்ட்டரில் ஓடுமா பார்க்கலாம் என்றேன்.
ஓடியது, முனகிக்கொண்டே.

அப்புறம் கைப்பையிலிருந்து அந்தத் தட்டை எடுத்தேன்.

போன வருடம் பள்ளிகொண்டாவில் ஒரு நர்சரிப் பள்ளி ஆண்டுவிழா.
கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக, நான்கு ராத்திரி,
இருநூற்றுப் பத்துப் பிரதி.
மூலத் தட்டிலேயே கீறல். நாங்கள் பார்க்கவில்லை.
டேப்பையும் அழித்து
அடுத்த முகூர்த்தத்துக்கு எடுத்துவிட்டிருந்தோம்.
இருநூற்றுப் பத்து வீட்டிலும்
இருபத்திரண்டாம் நிமிடத்தில்
ஒரே பிள்ளை
ஒரு கையைத் தூக்கியபடி
நின்றுவிட்டாள்.
மற்றவர்கள் போனில் திட்டினார்கள்.
அவள் அம்மா மட்டும் நேரில் வந்தாள்.
"எல்லாப் புள்ளயும் ஆடுது.
எம்பொண்ணு முறை வந்தா மட்டும்"
என்று தொடங்கியவள் முடிக்கவில்லை.
பணத்தைத் திருப்பிக் கேட்கவும் இல்லை.

நீல விளக்குப் பெட்டி அதை மென்று விழுங்கியது.
ஏழே நிமிடம். பதினொன்றிலும் பச்சை.
"பாஸ், பாஸ், பாஸ்" என்று
விரல் வைத்து எண்ணினார் அவர்.
ஒன்றை எடுத்து டிவியில் போட்டோம்.
அதே கை.

ஏழு வாய்ப் பெட்டி படித்தது, தயங்கியது,
பின்னுக்குப் போய் மறுபடி படித்தது,
நடுவில் நின்று
தெருவுக்கே கேட்கும்படி கத்தியது.
சிவப்பு விளக்கு.
ஏழு தட்டும் எச்சில் பட்டு வீண், ஐம்பத்தாறு ரூபாய்.
"மெஷின்ல ஒன்னும் இல்ல மேடம்,
உங்க தட்டுதான் சரியில்ல."
அவருக்கு வியர்த்துவிட்டது.
தெரியும் என்றேன்.
இதுவே இருக்கட்டும்.

குணவதிக்கு இன்னும் கோபம் தீரவில்லை.
நாலு வாய் குறைச்சல், மூவாயிரம் அதிகம்,
முடியாது என்று சொல்வதற்கா ஒரு மெஷின்?
முதல் வாரமே ஒருத்தர்
தங்கையின் வளைகாப்புத் தட்டோடு வந்தார்.
சிவப்பைப் பார்த்ததும்,
"உங்களுக்குப் போடத் தெரியல" என்று
காகிதப்பட்டறைப் பக்கம் போய்விட்டார்.
அங்கே போட்டுக் கொடுத்திருப்பார்கள்.
எந்த இடத்தில் நிற்கிறதோ,
யார் கையில் வளையலோடு.

மாதம் பிறந்தால்
ஏழு வாயையும் துடைத்துவிட்டு
பள்ளிகொண்டாத் தட்டை உள்ளே வைக்கிறேன்.
ஷட்டர் பாதிதான் தூக்கியிருக்கும்.
குணவதி ஐம்பத்தாறு ரூபாயைச் செலவில் எழுதுகிறாள்,
பேனா பத்திரிகையைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி.
நான் காத்திருக்கிறேன்,
அது கத்தட்டும் என்று.